மஞ்சள் நூல் கட்டிய முப்பது ஆடுகள்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு என் மகளின் ஆடு ஒன்று கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர் கழித்தது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. அப்போதுதான் நான் நோட்டுப் புத்தகத்தில் “6.30, பட்டி திறக்கப்பட்டது, அனைத்தும் நலம்” என்று எழுதிவிட்டுப் பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். மூடியைத் திரும்பக் கழற்றி “நலம்” என்பதை அடித்தேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அந்த இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது.

நான் படவேட்டுப் பக்கத்தில் ஒரு பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். எது யாருடையது என்று எழுதி வைப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை. எனக்கு ஒரே மகள். தாவரவியல் படித்து முடித்தவள், வேலைக்கு முயற்சி செய்யாமல், புதூர்நாட்டு மலைச் சிற்றூர் ஒன்றில் கல்லூரித் தோழியின் வீட்டார் பூட்டி வைத்திருந்த வீட்டையும் பட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு செம்மறி வளர்க்கப் போய்விட்டாள். மலையில் மற்றவர்கள் வைத்திருப்பது வெள்ளாடு. செம்மறி வைத்திருப்பவள் இவள் ஒருத்திதான். ஒன்றரை வருடத்தில் முப்பது ஆடுகள் ஆகியிருந்தன.

நானும் சும்மா இருக்கவில்லை. அரசு வேலைத் தேர்வு ஒன்றுக்கு அவள் பெயரில் நானே விண்ணப்பம் போட்டேன். சென்னையில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எழுத வேண்டும். “ஆட்ட யாரு பாப்பாங்க?” என்று கேட்டாள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். வியாழக்கிழமை மதியம் ஜீப்பில் ஏறும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்று.

“ம்மா, காலைல தொறந்து வுடு. சாயங்காலம் எண்ணி அடை. மேய்க்கிறதுக்குப் பக்கத்து வூட்டு அக்கா வருவாங்க. வேற ஒண்ணும் பண்ணாத. தயவுசெஞ்சு.”

நான் எதற்கும் இருக்கட்டும் என்று ரத்த அழுத்த மாத்திரை, டிஜிட்டல் தெர்மாமீட்டர், இரண்டு டார்ச் லைட், காலி நோட்டு ஒன்று கொண்டு போயிருந்தேன். தெர்மாமீட்டரைப் பார்த்து அவள் சிரித்துவிட்டுத்தான் போனாள்.

அந்த ஆடு காதைத் தொங்கவிட்டு நின்றது. மற்றவை வெளியே போக, அது சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. அவள் முதன்முதலில் வாங்கிய ஆடு அது. நெற்றியில் பழுப்புப் புள்ளி உள்ளது.

அந்த ஊரில் கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில், மேல்நிலைத் தொட்டியின் அடியில். பட்டியிலிருந்து இருநூற்றுப் பத்து அடி எடுத்து வைத்தால் வரும். எண்ணிப் பார்க்கும் அளவுக்கு அன்று நடந்தேன். மகள் சுவரில் எழுதி வைத்திருந்த கால்நடை மருத்துவரின் எண்ணுக்கு அழைத்தேன்.

“கண்ணு ரெப்பைய இழுத்துப் பாருங்க. உள்ள என்ன கலர்ல இருக்கு?” என்றார்.

ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தேன். “வெள்ளையா இருக்குங்க.”

“வெள்ளைன்னா காகிதம் மாதிரியா, மஞ்சளோட்டமா இருக்கா?”

மறுபடி ஓடினேன். மஞ்சளோட்டம் இருந்தது. வந்து சொன்னேன்.

“ஜுரம் இருக்கா?”

தெர்மாமீட்டர் என்னிடம் இருப்பதைச் சொன்னபோது என் குரலில் ஒரு பெருமை இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். அதை எங்கே வைக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் பெருமை போய்விட்டது.

பக்கத்து வீட்டு அம்மாள் பிடித்துக்கொள்ள வந்தாள். என் வயதுதான் இருக்கும். சாமை வயலில் களை எடுத்த கையோடு வந்திருந்தாள். ஆட்டின் இரண்டு பின்னங்கால்களையும் தன் முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு, “இஸ்துப் புச்சிகினேன். சீக்கிரம் பண்ணுங்க, ஆபீசம்மா” என்றாள்.

நான் வாலைத் தூக்கினேன். ஆடு அசைந்தது. “கொஞ்சம் நில்லுங்க” என்று சொல்லிவிட்டேன். அலுவலகப் பழக்கம்.

பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்த சிரிப்பில் கால்களை விட்டுவிட்டாள். “அது நிக்காதும்மா. குந்துங்கன்னு நாற்காலி போட்டுச் சொல்லிப் பாருங்க.”

இரண்டாம் முறை அளந்தோம். நூற்றாறு. கருவி கூவிக்கொண்டே இருந்தது. அதை அணைக்கும் பொத்தான் எது என்பது எனக்கு மறந்துவிட்டது. கூவும் தெர்மாமீட்டரை நீட்டிப் பிடித்துக்கொண்டு தொட்டியடிக்கு ஓடினேன். வழியில் தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

மருத்துவர் மதியம் ஒரு மணிக்கு வண்டியில் வந்தார். என் மகளைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகியிருந்தார். அது உண்ணி ஏறாமல் இருக்க என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. ஆட்டின் காது நுனியில் ஊசியால் குத்தி ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவினார். காதை உட்புறம் திருப்பிக் காட்டினார். நான் முதலில் ஆமணக்கு விதைகள் ஒட்டியிருக்கின்றன என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு விதை காலை நீட்டியது.

“உண்ணிங்க. அது ரத்தம் குடிக்கிறது பெரிய விஷயம் இல்ல. குடிக்கும்போது ஒரு கிருமிய உள்ள எறக்கிடுது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. ரத்தத்துல இருக்கிற சிவப்பணுவுக்குள்ள பூந்து ஒடைக்குது. ஒடைஞ்ச ரத்தம்தான் மூத்திரத்துல இந்தக் கலர்ல வருது. புதுசா ஏதாச்சும் ஆடு சேத்தீங்களா?”

“இல்லைங்க” என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் பின்னால் கிடா கனைத்தது. மூன்று வாரம் முன்பு சந்தையில் நான் வாங்கிக் கொடுத்த கிடா. மகளின் பிறந்தநாளுக்கு. அவள் ஆடு வளர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லைதான், ஆனாலும் வளர்ப்பதென்றால் நல்ல கிடாவாக வளர்க்கட்டும் என்று நினைத்தேன். கொம்பில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன்கூட இன்னும் அவிழவில்லை. மருத்துவர் அதன் காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அது பரிசுங்க” என்றேன்.

“பரிசோட பரிசா வந்திருக்கு” என்றார்.

கிடாவுக்கு ஒன்றும் இல்லை. அது பிறந்த ஊரிலேயே பழகிய நோய் என்பதால் கிடா தாங்கும் என்றார். அது கொண்டுவந்த உண்ணிகள்தான் மற்றவற்றின் மேல் ஏறியிருந்தன. அன்று அவரிடம் இருந்த மருந்து பன்னிரண்டு ஆடுகளுக்குத்தான் வந்தது. ஜுரம் கண்டவற்றைப் பொறுக்கிப் போட்டார். மற்றவற்றுக்கு மறுநாள் மருந்தோடு வருவதாகச் சொன்னார். கிளம்பும்போது மூன்று விஷயங்கள் சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டேன். பிடுங்கிய உண்ணியை நசுக்காமல் மண்ணெண்ணெயில் போட வேண்டும், கடித்த இடத்தில் மஞ்சள் தடவலாம். ஊசி போட்ட ஆடு ஒரு மாதத்துக்குக் கறிக்கு ஆகாது. ஊசி போட்டதற்கு அடையாளம் வைக்க வேண்டும்.

“அடையாளம் முக்கியம்ங்க. தெரியாம ஒண்ணுக்கே ரெண்டு தடவ போட்டுட்டா நோவு கொல்றதுக்கு முன்னாடி நாம கொன்னுடுவோம்” என்றார். நீலச் சாக்கட்டியால் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்.

ஆடி மாதம். மூன்றரை மணிக்குத் தூறல் போட்டது. நீலக் கோடுகள் ஒழுகத் தொடங்கின.

நாலே கால் மணிக்கு நெற்றிப் புள்ளி ஆடு செத்துப் போனது. ஊசி போட்டும் போய்விட்டது. கழுத்தை என் முழங்காலின் மேல் வைத்துத்தான் போனது. வேறு இடம் இல்லாததால் வைத்ததோ என்னவோ. பக்கத்து வீட்டு அம்மாளின் கணவர் குழி வெட்டினார். “இத்த துண்ணவும் கூடாதுங்களா?” என்று ஒரே ஒரு முறை கேட்டார். கூடாது என்றதும் பெருமூச்சு விட்டுவிட்டு ஆழமாகவே வெட்டினார்.

ஆறு மணிக்கு மகள் அழைத்தாள். நான் தொட்டியடியில் காத்திருந்தேன்.

“ஆடெல்லாம் எப்படிம்மா?”

“நல்லா இருக்கு. நீ படி.”

“ஒரு போட்டோ அனுப்பு.”

வியாழக்கிழமை எடுத்த படத்தை அனுப்பினேன். மறுநாள் கேட்டபோதும் அதையேதான் அனுப்பினேன். அதில் நெற்றிப் புள்ளி முன்னால் நின்று கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அவள் தேர்வை விட்டுவிட்டு வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அவள் தேர்வு எழுத வேண்டும், ஆடுகள் பிழைக்க வேண்டும், திங்கள்கிழமை அவள் வரும்போது எல்லாம் சரியாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்டது.

இனி நடந்ததில் ஒவ்வொரு காரியத்துக்கும் எனக்கு ஒரு காரணம் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சாக்கட்டிக் கோடு அழிந்துகொண்டிருந்ததால், முழுதாக அழிவதற்குள் பன்னிரண்டில் மிஞ்சிய பதினொன்றையும் பிரித்துக் கட்டினேன். அடையாளத்துக்கு மழைக்கு அழியாத ஒன்று வேண்டும். வீட்டில் சாக்குத் தைக்கும் நூல்கண்டு இருந்தது. அதை வெட்டிக் கழுத்தில் கட்டினால் போதும். ஆனால் நூல் வெள்ளை, ஆடும் வெள்ளை. பக்கத்தில் கடிவாயில் தடவுவதற்காக நான் குழைத்து வைத்த மஞ்சள் ஒரு குண்டான் நிறைய இருந்தது. நூலை அதில் முக்கினேன். பளிச்சென்று தெரிந்தது. உண்ணி நிறைய இருந்தது காதிலும் நெற்றியிலும் என்பதால் மஞ்சளை அங்கெல்லாம் தடவினேன். பக்கத்து வீட்டு அம்மாள் மதியம் “வேப்பந்தழ வச்சா உண்ணி அண்டாதும்மா” என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னது பட்டியில் தொங்கவிடுவதை. நான் ஆளுக்கு ஒரு கொத்து நூலோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். பட்டியில் தொங்கவிட்டால் எந்த ஆட்டுக்கு எவ்வளவு போகும் என்பதற்குக் கணக்கில்லையே.

சனிக்கிழமை அந்த அம்மாள் நெல்லிவாசல்நாட்டில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். மருத்துவர் வந்து மீதியுள்ளவற்றுக்கு ஊசி போட்டார். ஆட்டைப் பிடிப்பதும் நூல் கட்டுவதும் நான். கிடாவையும் சேர்த்து முப்பது. அவர் மலைக்குப் புதிது, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். “சுத்தமா பண்றீங்க. இந்த மாதிரி அடையாளம் யாரும் வைக்கறதில்ல” என்று பாராட்டினார். இருபத்திரண்டு வருட வேலையில் என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. சாயங்காலம் பட்டியை அடைக்கும்போது ஐந்தாறு ஆடுகள் தழை கடிக்கத் தொடங்கியிருந்தன. ஒன்று என் சேலைத் தலைப்பைக் கடித்தது. விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேய்ச்சலுக்கு நான் ஓட்ட, ஆடுகள் வரிசையாக ஊர் வழியே போயின. நெற்றியில் மஞ்சள், கழுத்தில் மஞ்சள் நூல், வேப்பங்கொத்து. பால் கறந்துகொண்டிருந்த ஒருவர் எழுந்து நின்றார். புளியமரத்தடியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நோய் வந்த வீட்டுக்காரிக்கு ஆறுதல் சொல்லும் முறை இதுதான் போலிருக்கிறது என்று நானும் கும்பிட்டேன்.

தாய்வீட்டிலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“எல்லாத்தையுமா கட்டினீங்க?”

“ஒண்ணு விடாம.”

“உங்க கையாலயா?”

“வேற யார் இருக்காங்க? நானேதான்.”

“இன்னா மனசும்மா உங்களுக்கு” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய் ஒரு படி சாமை அரிசி கொண்டுவந்து கொடுத்தாள். எதற்கு என்று கேட்டேன். “வச்சுக்கங்க. அன்னிக்கி ஒதவும்” என்றாள். எந்த அன்றைக்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மதியத்துக்குள் ஐந்து வீடுகளிலிருந்து அரிசி வந்தது. ஒரு வீட்டிலிருந்து பலாக்காய்.

மூன்று மணிக்கு ஊர்க்கவுண்டர் வந்தார். அந்த ஊரில் நல்லது கெட்டது எதையும் முடிவு செய்கிறவர் அவர். கூடவே அம்மன் கோயில் பூசாரி. நாற்காலி போட்டேன். உட்காராமல் முதலில் பட்டியைச் சுற்றி வந்து எண்ணினார்கள்.

“முப்பது” என்றார் பூசாரி.

“ஒண்ணு செத்துப் போச்சுங்க. இல்லன்னா முப்பத்தொண்ணு” என்றேன்.

“போனது போவட்டும்.” ஊர்க்கவுண்டர் உட்கார்ந்தார். “ஆடு யாருதும்மா?”

“எங்களுதுதாங்க.”

“எங்களுதுன்னா? வூட்டுக்காரருதா, உங்களுதா? கேக்கறதுக்குக் காரணம் கீது.”

வேலை செய்யும் இடத்தில் ஒருவர் “எங்களுது” என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யார் பெயரில் என்று கேட்பேன். ஆனால் மூன்று நாளாக ஓடி, தூக்கி, கட்டி, ஒன்றைப் புதைத்தவள் நான். “என்னுதுதாங்க” என்றேன்.

“அப்பச் சரி. சொந்தக்காரங்க கையால கட்டினாத்தான் செல்லும். மத்தவங்க கட்டினா அது கணக்குல வராது. அதான் கேட்டேன்.” பூசாரியைப் பார்த்துத் தலையசைத்தார். “எங்க பாட்டன் காலத்துல ஒருத்தரு ஏழு கட்னாருன்னு சொல்வாங்க. முப்பது எவனும் கட்னதில்ல.”

“ஏழு என்னங்க கட்டினார்?”

“கிடாதான். உங்க ஊர்ல எப்படியோ. இங்க அம்மனுக்கு நேந்துவுட்டா மஞ்ச நூலும் வேப்பந்தழயும் கழுத்துல கட்டி, நெத்தியில மஞ்ச வச்சு ஊருக்குள்ள ஓட்டிகினு போவோம். போனா முடிஞ்சிது. அது அம்மனுது.” பூசாரி பட்டியைப் பார்த்தார். “செவ்வாக்கெழம திருவிழா. காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சா முப்பதையும் பத்து மணிக்குள்ள வெட்டிடலாம்.”

எங்கள் அடிவாரத்தில் ஆட்டின் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால் சம்மதம் என்று அர்த்தம். நூல் கட்டும் பழக்கம் எங்களிடம் இல்லை. எனக்குத் தெரிந்த மஞ்சள் நூல் மனிதர்கள் மணிக்கட்டில் கட்டும் காப்பு மட்டும்தான். இதையெல்லாம் அந்த நேரத்தில் சொல்லத் தெரியாமல், “அது ஊசிக்குக் கட்டினதுங்க” என்றேன்.

“ஊசிக்கு நேந்துகினீங்க. பொழச்சா தர்றேன்னு. அதான் பொழச்சிகினு வருதே” என்றார் பூசாரி.

“நேர்ந்துக்கலைங்க. ஊசி போட்டது எது, போடாதது எதுன்னு தெரியறதுக்காக.”

“எதுக்குப் போட்டீங்க?”

“எல்லாத்துக்கும்.”

“எல்லாத்துக்கும் போட்டா அப்புறம் எதுக்கு அடையாளம்?”

கடைசிப் பத்தொன்பதுக்குக் கட்டியிருக்கவே வேண்டாம். தொடங்கியதை முடிப்பது என் பழக்கம்.

கடைசியாக எனக்கு நோட்டு ஞாபகம் வந்தது. ஊசி போட்ட ஆட்டை ஒரு மாதத்துக்குச் சாப்பிடக் கூடாது என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். ஊர்க்கவுண்டருக்கு அது என் கையெழுத்து என்பது ஒரு குறையாகப் பட்டது. நாங்கள் மூவரும், பின்னால் பத்துப் பதினைந்து பேருமாகத் தொட்டியடிக்குப் போனோம். மருத்துவரை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டேன்.

“சாப்பிடவே கூடாதுங்க. மருந்து கறியில நிக்கும். ஒரு மாசம்” என்றார்.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. எனக்கு மூச்சு வந்தது.

“ஒரு மாசத்துக்கு அப்புறம்?” என்று கைபேசியைப் பார்த்துக் கேட்டார் ஊர்க்கவுண்டர்.

“அப்புறம் ஒண்ணும் இல்ல, தாராளமா சாப்பிடலாம். சத்தா தீனி போடுங்க, நல்லா தேறிடும்.”

“அம்மனுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. ஒரு மாசம் தள்ளி வச்சுக்கலாம். தேறட்டும்” என்றார் பூசாரி. திரும்பி நடக்கும்போதே யார் வீட்டு அண்டா, எத்தனை மூட்டை அரிசி, நெல்லிவாசல்நாட்டு உறவுக்காரர்களுக்கு எத்தனை நடை ஜீப் என்று பேச்சு தொடங்கிவிட்டது. நெல்லிவாசலுக்கு ஏற்கெனவே செய்தி போய்விட்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் தாய்வீட்டில் இருந்த பக்கத்து வீட்டு அம்மாளுக்கு யாரோ இதைச் சொல்ல, அவள் அங்கேயே எல்லோரையும் கூப்பிட்டுவிட்டிருந்தாள்.

அன்று வெளிச்சம் இருக்கும்போதே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பட்டிக்குள் போனேன். முப்பது நூல். ஐந்து நிமிட வேலை. முதல் ஆட்டின் கழுத்தில் நூலுக்கும் தோலுக்கும் நடுவில் விரலை விட்டேன். ஜுரம் விட்டிருந்தது, குளுகுளுவென்று இருந்தது. நான் படித்தவள், இந்த நூலை எதற்குக் கட்டினேன் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் என் மகள் தேர்வு முடித்துக் கோயம்பேட்டில் பேருந்துக்கு நின்றுகொண்டிருப்பாள். விடிந்ததும் திருப்பத்தூரில் இறங்கி ஜீப் ஏறுவாள். மலைப்பாதையின் வளைவுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இதில் எனக்கு வெட்கம் உண்டு. இன்னொரு முறை அந்த இடத்தில் நின்றாலும் அறுத்திருக்க மாட்டேன் என்பதும் தெரியும். இப்போதும் அலுவலகத்தில் யாராவது மங்கல காரியம் என்று பத்திரத்தின் ஓரத்தில் மஞ்சள் தடவி நீட்டினால், நான் அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுகிறேன்.

திங்கள்கிழமை காலையில் பட்டி முன்னால் கூட்டம் இருந்தது. ஊர்க்கவுண்டர், பூசாரி, பக்கத்து வீட்டு அம்மாள், குழி வெட்டிய அவள் கணவர், இன்னும் பலர். ஆடுகளுக்கு ஒரு மாதம் யார் யார் என்ன தீனி தருவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கொள்ளு கொடுப்பதாக ஒருவர் சொன்னார். தன் சோளத்தட்டை மொத்தமும் தருவதாக இன்னொருவர். ஒன்றரை வருடமாக அந்த ஆடுகள் வேலி தாண்டினால் கல்லெறிந்தவர்கள் அவர்கள். கிடாவுக்கு ஒரு பெண் வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

பத்தரை மணிக்கு ஜீப் வந்தது. முதலில் இரண்டு பெரிய அண்டாக்கள் இறங்கின. அவற்றின் பின்னால், நாள் தள்ளிப்போன செய்தி எட்டாத நெல்லிவாசல்நாட்டுக்காரர்கள் நாலு பேர். கடைசியாக, கையில் அண்டாவின் மூடித்தட்டு ஒன்றோடு என் மகள். அவளுக்கு நான் சொல்ல வேண்டியது எதுவும் மிச்சம் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. முப்பது ஆட்டையும் நேர்ந்துவிட்ட ஆபீசம்மாளைப் பற்றி வழி முழுவதும் அவர்கள் அவளிடமே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

மூடித்தட்டை என்னிடம் கொடுத்தாள். பட்டிக்குள் போய் ஒவ்வொரு ஆடாகப் பிடித்து, கண் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லோரும் அவளுக்கு வழிவிட்டு நின்றோம். ஏழெட்டு ஆடு பார்த்த பிறகு நிம்மதியில் அவள் தோள் இறங்கியது. நெற்றிப் புள்ளி எங்கே என்று அவள் கேட்கவில்லை. நான் குழி இருந்த பக்கம் பார்த்தேன். அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள்.

“ரெண்டு நாளும் ஒரே போட்டோவ அனுப்பின” என்றாள்.

“பரீட்சை?”

“எழுதிட்டேன்.”

பிறகு ஊர்க்கவுண்டரிடம் போனாள்.

“மாமா, யாரு ஆடோ அவங்க கையால கட்டினாத்தான் செல்லும், இல்லீங்களா?”

“ஆமாம்மா. அதான் உங்கம்மாவக் கேட்டுகினேன். என்னுதுன்னாங்களே.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் மூடித்தட்டு இருந்தது.

“அவங்கள நான் பாத்துக்கத்தான் சொன்னேன், மாமா. ஒண்ணும் பண்ணாதன்னுகூடச் சொல்லிட்டுதான் போனேன். இருபத்தொம்போது ஆடு என்னுது, ஒவ்வொண்ணா நான் வாங்கினது, நான் வளத்தது. இந்தக் கிடா மட்டும்தான் எங்கம்மா வாங்கினது.” அதன் சிவப்பு ரிப்பனைப் பிடித்து இழுத்து வந்து அவர் முன்னால் நிறுத்தினாள். “இதுக்கு அவங்க கட்டினது செல்லும். ஒரு மாசம் கழிச்சு எடுத்துக்கங்க.”